இல்லாத மாட்டின் மேல் ஒரு கை: தஞ்சாவூரில் நான்கு நாள்

மே 8, வியாழன் – தஞ்சாவூர்

அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூருக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். என்ன செய்வது, பெரியப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவருக்கு எழுபத்து மூன்று வயது. பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முழுக்கச் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து ஏரி, மதகு, கலங்கல்களோடுதான். காவிரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. "கண்ண மூடறதுக்குள்ள பெரிய கோயில் கட்டுமானத்த ஒரு தடவ பாத்துடணும்டா" என்பார். சாமியை அல்ல, கட்டுமானத்தை.

காலையில் ரயிலடியில் இறங்கியதுமே வெயில் முதுகில் கைவைத்துத் தள்ளியது. பக்கத்திலேயே லாட்ஜ், ஏசி அறை ஆயிரத்து எண்ணூறு. ஏசி ஓடியது. ஓடியதோடு கட்டிலின் கால்மாட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் விட்டது. கீழே போய்ச் சொன்னேன். பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்துவிட்டு, "சரியாயிடுச்சு சார்" என்று போய்விட்டான். பெரியப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. "நாங்களும் இப்படித்தான் ரிப்பேர் பண்ணுவோம்" என்றார்.

பகல் முழுக்க வெளியே தலைகாட்டவில்லை. சாயங்காலம் நாலரைக்குப் பெரிய கோயில். செருப்பு விடும் இடத்தில் நான் காசு கொடுத்து டோக்கன் வாங்கினேன். பெரியப்பா, "செருப்புக்கு எதுக்குடா வாடகை" என்று தம்முடையதை மதிலோரமாகக் கழற்றிப் போட்டார். இதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

வெயில் தணிந்திருந்தாலும் கல் தணியவில்லை. தேங்காய்நார் விரிப்பு போட்டிருந்த இடம் வரை நடந்தோம், அதற்கப்புறம் ஓடினோம். கேரளாந்தகன் வாயில், இராஜராஜன் வாயில் இரண்டையும் நான் குதிகாலில்தான் கடந்தேன். விமானத்துக்குத் தென்கிழக்கே நிழலாக இருந்த புல்லில் போய் விழுந்தோம். பக்கத்தில் ஒரு வழிகாட்டி பள்ளிப் பிள்ளைகளிடம், 216 அடி உயரம், நிழல் தரையில் விழவே விழாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா மெதுவாக என் பக்கம் திரும்பி, "அப்ப நாம எதுலடா உக்காந்திருக்கோம்?" என்றார். அந்த மனிதரின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நான்தான் அவரை அடக்கினேன்.

நிழல் விழுகிறது, நன்றாகவே விழுகிறது. விழாவிட்டால்தான் ராஜராஜனுக்குப் பெருமையா? 1010-இல் தம் 25-ஆம் ஆட்சியாண்டில் குடமுழுக்குக் கலசத்தைக் கொடுத்தவர், அந்த அளவு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற ஆள் வைத்திருந்தார். தலைமைத் தச்சரின் பெயர்கூடக் கல்வெட்டில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். கட்டியவர் பெயரைச் சொல்லாமல் நிழலைச் சொல்கிறார்கள் என்று பெரியப்பாவுக்கு வருத்தம். அவர் கட்டிய மதகுகளில் அவர் பெயர் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் வருத்தம்.

அதிட்டானத்தை, அதாவது விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி எழுத்து. புள்ளி வைக்காத பழைய தமிழ் எழுத்து. எனக்கு ஒரு வரியில் நாலைந்து எழுத்துத்தான் பிடிபட்டது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன உத்தரவு. இதில் எனக்குப் பிடித்தது ராஜா அல்ல, ஆடல் மகளிர் பட்டியல். கோயிலுக்குப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்களின் பெயரும், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும் அதில் உண்டு. தெற்குத் தளிச்சேரியில் (ஆடல் மகளிர் குடியிருந்த தெரு) தென்சிறகில் தலைவீடு நக்கன் சேரமங்கையுடையது. பெரியப்பாவிடம் சொன்னேன். "டோர் நம்பரோட வெட்டி வெச்சிருக்கானா?" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"சரி, அந்தத் தெரு எங்க?"

தெரு இல்லை. வீடுகள் இல்லை. ராஜராஜன் குடியிருந்த அரண்மனையும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் வந்து "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி"ய கதையைத் தம் மெய்க்கீர்த்தியிலேயே, அதாவது கல்வெட்டில் வரும் புகழுரையிலேயே, பெருமையாகச் சொல்லிக்கொண்டார். மாளிகை, மண்டபங்களை இடித்துக் கழுதை பூட்டி உழுததையும் சேர்த்து. ஆக முகவரி மட்டும் ஆயிரம் வருடமாகச் சுவரில் நிற்கிறது.

இருட்டியபின் வெளியே வந்தால் பெரியப்பாவின் செருப்பில் இடது கால் மட்டும் இருந்தது. வலதை நாய் தூக்கிப் போனதா, ஒற்றைக்கால் திருடனா என்று கடைசிவரை தெரியவில்லை. எதிர்க்கடையில் நூற்று எண்பது ரூபாய்க்கு ரப்பர் செருப்பு. இரவு ரவா தோசை, கொத்சு, ஒரு காபி. ஆளுக்கு நூற்றுப் பத்து. காபி நன்றாக இருந்தது. செருப்பைப் பற்றிப் பேசவேண்டாம் என்று உத்தரவு.

மே 9, வெள்ளி – அரண்மனை

நான் ராஜராஜனைப் பார்க்கத்தான் வந்தேன். இன்று பகல் முழுக்க வேறு ஒரு ராஜாவிடம் மாட்டிக்கொண்டேன்.

தஞ்சாவூர் என்றால் சோழர் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இன்று நாம் நடக்கிற ஊர், நான்கு ராஜ வீதி, அரண்மனை, அகழி, கோட்டைச் சுவரின் மிச்சம் எல்லாம் நாயக்கரும் மராட்டியரும் விட்டுப்போனது. 1532 வாக்கில் சேவப்ப நாயக்கர் தொடங்கி நான்கு தலைமுறை. 1673-இல் மதுரைப் படையோடு நடந்த சண்டையில் விஜயராகவ நாயக்கர் விழுந்தார். இரண்டு மூன்று வருடத்தில் சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜி வந்து உட்கார்ந்தார். அப்புறம் 1855 வரை மராட்டியர். பெரிய கோயிலிலேயே எல்லாரும் கை வைத்திருக்கிறார்கள். அம்மன் சந்நிதி பாண்டியர் காலம், இப்போதிருக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலம். நேற்றுத் திருச்சுற்றின் தென்மேற்குப் பக்கச் சுவரில் நாகரி எழுத்தாக நீண்டுகொண்டே போனதே, அது 1803-இல் இரண்டாம் சரபோஜி வெட்டிவைத்த தம் வம்ச வரலாறு. மராத்தியில். 'நாங்களும் இருந்தோம்' என்று அவரும் சொல்ல வேண்டுமல்லவா.

காலையில் வெயிலுக்கு முந்திக்கொண்டு போனோம். அரண்மனை வளாகம் முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். காரை பெயர்ந்த வளைவுகள், புறா எச்சம், வாசலில் வரிசையாகத் தலையாட்டி பொம்மைக் கடைகள். தர்பார் மண்டபத்துத் தூண்களிலும் வளைவுகளிலும் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கோபுரத்தின் உள்ளே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு கிடக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியதாம். அரண்மனையில் திமிங்கலம் எதற்கு என்று கேட்காதீர்கள். பெரியப்பா மட்டும் அதன் விலா எலும்பை எண்ணிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அப்புறம் கலைக்கூடம். நுழைந்ததும் வெள்ளைப் பளிங்கில் கைகூப்பியபடி சரபோஜி. தலையில் கூம்புத் தொப்பி. அவரைத் தாண்டிச் செப்புத் திருமேனிகள் இருக்கும் பகுதிக்குப் போனால் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், நிற்கிறார். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். பெரிய கோயிலுக்கு ஒரு வயது இளையவர்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு கால் ஊன்றி, மற்றக் காலை லேசாக மாற்றிப் போட்டிருக்கிறார். இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்கிறது. சடையெல்லாம் பாம்பு பாம்பாகச் சுற்றித் தலைப்பாகை கட்டியது போல இருக்கிறது. வேலை முடிந்து வயல் வரப்பில் நிற்கும் பண்ணையார் பையன் மாதிரி. ஒரு கை தொங்குகிறது. மற்றொரு கை முழங்கையில் மடங்கி, தோளுக்குக் கீழே காற்றில் சாய்ந்திருக்கிறது. சாய்ந்திருந்தது காளையின் மேல். காளை இல்லை. எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் அந்தக் கை அதை இன்னும் நம்புகிறது. விரல்கள் தளர்ந்து, மணிக்கட்டு முழுப் பாரத்தையும் ஒன்றுமில்லாத இடத்தில் இறக்கி வைத்திருக்கிறது. நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். காளையின் உயரம் இவ்வளவு, திமில் இங்கே என்று கையை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா, "மாடு எங்கம்மான்னு எல்லாப் பிள்ளைங்களும் கேக்குதுங்க" என்றார். "நீங்க என்ன சொல்லுவீங்க?" "மேயப் போயிருக்குன்னு சொல்லுவேன்."

மதியம் பக்கத்தில் சாப்பாடு, நூற்று இருபது. சாம்பாரை ஊற்றும்போது பரிமாறியவர், இது இந்த ஊரில் மராட்டிய ராஜா அரண்மனையில்தான் பிறந்தது என்றார். சிவாஜியின் மகன் சம்பாஜி வந்தபோது வைத்ததால் சாம்பார் என்று ஊரே சொல்லும் கதை. ஆதாரம் கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். ஆனால் சரபோஜியின் பெயரில் சமையல் சுவடியே இருக்கிறது, சரபேந்திர பாகசாஸ்திரம். சாப்பாட்டை எழுதிவைத்த ராஜா என்றால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

பிற்பகல் சரசுவதி மகால். நாயக்கர் காலத்துச் சுவடிச்சாலையைச் சரபோஜிதான் இப்படிப் பெருக்கினார். நாற்பதாயிரத்துக்கு மேல் சுவடிகள். பெரும்பகுதி சமஸ்கிருதம், பிறகு தமிழ், தெலுங்கு, மராத்தி. 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாம் பார்க்க முடிவது சின்னக் காட்சிக்கூடம் மட்டும், ஆனாலும் அதிலேயே தலை சுற்றுகிறது. ஓலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. அடுத்த கண்ணாடிப் பெட்டியில் மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் சார்ல்ஸ் லெ புரூனின் பிரெஞ்சுப் படங்கள். ஆட்டு மூஞ்சிக்காரர், ஆந்தை மூஞ்சிக்காரர். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் எங்கள் குடும்பத்தில் ஆள் கண்டுபிடித்தார். சீனாவில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைகளின் படங்கள் ஒரு பக்கம். 1820களின் தொடக்கத்தில் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போனபோது வரைவித்த படித்துறைகள் ஒரு பக்கம். கண் நோயாளிகளைப் படம் வரைந்து குறிப்பெழுதிய மருத்துவத் தாள்களும் இவர் சேர்த்துவைத்ததுதான். வாங்கிய ஆங்கிலப் புத்தகங்களில் தம் கையெழுத்தை ஆங்கிலத்தில் போட்டு வைத்திருந்தார்.

இவருக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம் கிடைத்தது என்றால், அதுதான் விஷயம். 1798-இல் பட்டத்துக்கு வந்தார், 1799-இல் ஒப்பந்தத்தில் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டான். இவருக்கு மிஞ்சியது கோட்டையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ராஜா என்ற பட்டமும். சண்டை போடப் படை இல்லை, வரி போட ஊர் இல்லை. புத்தகம் வாங்கினார், அச்சுக்கூடம் வைத்தார், மருந்து அரைக்கச் சொன்னார். 1832 வரை இப்படியே. வேலை இல்லாத ராஜா ஒருவர் இவ்வளவு வேலை பார்த்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அவர் மகனுக்கு ஆண் வாரிசு இல்லாமல் போனதும் 1855-இல் பட்டமும் போனது. அரண்மனைச் சொத்தையும் கம்பெனி முடக்கியது. மூத்த ராணி காமாட்சி பாய் விடவில்லை, சென்னையில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றித் தீர்ப்பளித்தது.

லாட்ஜுக்குத் திரும்பினால் வாளி நிறைந்து வழிந்திருந்தது.

மே 10, சனி – வீதிகள்

இன்று பெரியப்பாவின் நாள். எழுந்ததுமே, "கோயில், சிலை எல்லாம் போதும். இந்த ஊரு தண்ணி எங்கேருந்து வந்துதுன்னு பாக்கணும்" என்றார். ஏனென்றால் காவிரி ஊருக்குள் ஓடவில்லை. ஊரை ஒட்டிய வடவாறும் மே மாதத்தில் மணல்தான். மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆக வேண்டும். பச்சைப் பசேல் டெல்டாவை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் மே மாதத்தில் வராதீர்கள். தரிசும் வெடிப்பும் ஆடும்தான்.

பதில் சிவகங்கைப் பூங்காவில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே சேவப்ப நாயக்கர் ஏரியில் மழைத் தண்ணீரைத் தேக்கி, அங்கிருந்து சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்து, தெளியவிட்டு, பூமிக்கடியில் சுடுமண் குழாய் வழியாக அரண்மனைக்கும் அய்யன்குளம், சாமந்தான்குளத்துக்கும் விட்டிருக்கிறார்கள். ஜலசூத்திரம் என்று பெயர். நாயக்கர் செய்து மராட்டியர் பேணியது. மோட்டார் இல்லை, தரையின் சரிவு மட்டும்தான். அய்யன்குளத்துப் படியில் பெரியப்பா அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார். "வாட்டம் பாத்திருக்கான்டா, வாட்டம்!" என்று நாலு தடவை சொன்னார். பெரிய கோயிலில் இந்தக் குரல் வரவில்லை.

சிவகங்கைக் குளத்துக்குப் பக்கத்திலேயே சுவார்ட்ஸ் தேவாலயம். பூட்டியிருந்தது. திரும்பப் போனவர்களைக் காவலாளி கூப்பிட்டு, "வெயில்ல வந்துட்டீங்க, பாத்துட்டுப் போங்க" என்று திறந்துவிட்டார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை, மின்விசிறியை வேறு போட்டுவிட்டார். உள்ளே ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் பலகை: சாகக் கிடக்கும் பாதிரியார் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இளம் சரபோஜி. வளர்த்து, படிக்கவைத்து, பட்டத்துக்கு வரத் துணைநின்ற கிழவருக்கு ராஜா செய்துவைத்த நினைவு. பாதிரியார் செத்தது 1798-இல். ராஜா கடைசிவரை மதம் மாறவில்லை, பாதிரியாரை மறக்கவும் இல்லை.

தெற்கு வீதிப் பக்கம் ஒரு வீணைப் பட்டறை. போகிற வழியில் ராவல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தோம், "உள்ள வாங்க ஐயா" என்று பெரியப்பாவுக்கு ஸ்டூல் போட்டார்கள். தரையெல்லாம் மஞ்சள் தூள், பலா மரம். பண்ருட்டிப் பக்கத்து மரம்தான் ஒத்துவரும் என்றார் பட்டறைக்காரர். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, குடம், தண்டி தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. நாங்கள் போன நேரம் மெட்டு வைத்துக்கொண்டிருந்தார். மெழுகும் கரியும் சேர்த்து உருக்கிய கறுப்புப் பாகைத் தண்டியின் இரண்டு விளிம்பிலும் மேடாகப் போட்டு, இளகியிருக்கும்போதே வெண்கலக் கம்பியை அதில் அழுத்துகிறார். தந்தியை மீட்டுகிறார். தலையை ஆட்டிக் கம்பியை மயிரளவு நகர்த்துகிறார். மறுபடி மீட்டுகிறார். இருபத்து நாலு மெட்டுக்கும் இதே. கருவி கிடையாது, காதுதான். மெட்டுகளை இப்படி நிலையாகப் பொருத்தும் வழக்கத்தை ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். மெழுகு வெயிலுக்கு இளகாதா என்று கேட்டேன். "இளகும். கார்ல வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டு, மறுநாள் அழுதுக்கிட்டு வருவாங்க" என்றார். விலை முப்பத்தைந்தாயிரத்தில் தொடங்குகிறது. கேட்டதற்காக முறைக்காமல் மோர் கொடுத்தார்கள்.

சாயங்காலம் மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயில். காஞ்சியிலிருந்து வந்த தங்கக் காமாட்சி. வெளியே வந்ததும் காற்று திரும்பியது. புழுதி, அப்புறம் கோலிக்குண்டு கோலிக்குண்டாக மழை. ஒரு இனிப்புக் கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். மின்சாரம் போய்விட்டது. கடைக்காரர் மெழுகுவர்த்தி ஏற்றி, "நிக்கிறதுக்குச் சந்திரகலா சாப்பிடுங்க" என்று இரண்டு எடுத்து வைத்தார், ஒன்று இருபத்தைந்து. பொரித்த மாவுக்குள் கோவா, மேலே பாகு. இதுவும் மராட்டியர் விட்டுப்போனது என்கிறார்கள். பக்கத்தில் ஒதுங்கிய தாத்தாவும் பேத்தியும் தங்களுக்குள் ஏதோ பாஷையில் பேசிக்கொண்டார்கள். தெலுங்கு மாதிரி இல்லை, தமிழும் நடுவில் வந்தது. கேட்டேன். "மராத்திதான், ஆனா பூனாக்காரனுக்குப் புரியாது" என்று சிரித்தார் தாத்தா. முந்நூற்றைம்பது வருடமாகத் தஞ்சாவூரில் ஊறிய மராத்தி.

பெரியப்பா மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "குளத்துப் பக்கம் ஓடல. ரோட்டத் தூக்கிட்டானுங்க" என்றார்.

மே 11, ஞாயிறு – கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை

நேற்றிரவு ஒரு யோசனை. அரண்மனை எரிந்துபோன தலைநகரைப் பார்த்தாயிற்று, விட்டுப்போன தலைநகரையும் பார்த்துவிடலாமே? ராஜேந்திரன் 1025 வாக்கில் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பி அங்கே போனார். அப்புறம் சுமார் 250 வருடம் சோழருக்கு அதுதான் தலைநகர். வாடகைக் காருக்கு மூவாயிரத்து இருநூறு பேசினேன்.

கும்பகோணத்தில் காலை நாஷ்டா. ஞாயிற்றுக்கிழமையானதால் இட்லிக்குக் கடப்பா. தெரியாதவர்களுக்கு: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்டது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. பெரியப்பா எட்டு இட்லி. டிகிரி காபி பித்தளை டபராவில் முப்பது ரூபாய். பித்தளைக்குத்தான் பாதி விலை என்று நினைக்கிறேன்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் தஞ்சையைவிடக் குள்ளம். தஞ்சை விமானம் விறைப்பாக நேரே ஏறும். இது கழுத்துப் பக்கம் உள்வாங்கி வளைகிறது. வடக்குப் பக்கம் சண்டேசருக்குச் சிவன் தலையில் பூச்சுற்றும் சிற்பம். இதைப் பார்க்க இன்னும் நூறு கிலோமீட்டர் வருவேன். கூட்டமே இல்லை. ஆனால் சுற்றிலும் ஏதோ குறைகிறது. மதில் அங்கங்கே துண்டாக நிற்கிறது, முன் கோபுரம் வெறும் அடிப்பகுதி.

அரண்மனை இருந்த மாளிகைமேடு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் தகரக் கொட்டகை போட்டு, கீழே குழியில் செங்கல் சுவர் வரிசை. முழங்கால் உயரம்கூட இல்லை. கடல்தாண்டிக் கடாரம் வரை போனவனின் வீடு. தொல்லியல் துறை 1980-இல் தோண்ட ஆரம்பித்தது, சில வருடங்களுக்கு முன்பும் தோண்டினார்கள். கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் சில்லு எல்லாம் கிடைத்தது. வாசலில் நுங்கு விற்ற பாட்டி, "இதுக்கா தம்பி மெட்ராசுலேர்ந்து வந்தீங்க? எங்க வூட்டுல கடகால் போட்டாலே இந்தக் கல்லு வரும்" என்றார். நுங்கு பத்து ரூபாய். சீவிய வேகத்தில் தண்ணீர் சிந்தாமல் கொடுத்தார்.

பெரியப்பா செங்கலை விட்டுவிட்டுக் கோயில் மதிலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. 1836-இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இந்த மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கல்லை வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லில் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், கட்டவில்லை. அணையைத் திட்டமிட்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன். பெரியப்பா வீட்டுக் கூடத்தில், அண்ணா படத்துக்குப் பக்கத்தில் காட்டன் படம் மாட்டியிருக்கிறது.

கார் அணைக்கரை வந்ததும் நிறுத்தச் சொன்னார். நூற்றெண்பது வயதுப் பாலம், குறுகல். கீழே ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் பாசி பிடித்த கொஞ்சம் தண்ணீர். கைப்பிடிச் சுவரில் குனிந்து, ஒவ்வொரு கண்வாயாகப் பார்த்துக்கொண்டு போனார். ரப்பர் செருப்பு வழுக்கியது, நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது ஒரு கல்லில் ஒரு பூ, ஒரு எழுத்து தெரிகிறதா என்று தேடினார். எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்ட்டுப் பூச்சு. ஒன்றும் தெரியவில்லை.

"கட்டினது நல்ல வேலைடா" என்றார் ரொம்ப நேரம் கழித்து. "இங்கேருந்துதான் இன்னொரு வடவாறு பிரிஞ்சு வீராணம் போவுது. வீராணத்துலேர்ந்து குழாய்ல மெட்ராசு. உங்க வீட்டுக் குழாய்ல வர்றது இந்தத் தண்ணிதான், தெரியுமில்ல?"

தெரியாது. கல்வெட்டுக் கதையெல்லாம் படித்த எனக்கு இது தெரியாது.

ராத்திரி ரயில். காலை ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் சமையலறைக் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மேல்வீட்டுக்காரர் மோட்டார் போட மறந்துவிட்டார்.